‘புனல்’ வராமல் ‘சல்லடை’ வந்தால் மறதி நோயா?

53 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் பொறுப்பு. கடந்த ஒன்றரை ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே சாதாரணப் பொருள்களின் பெயர்கள் அவருக்கு நின்றுவிடுகின்றன. கதவின் கீல் உடைந்தபோது, “கதவு ஆடுமே, அதைப் பிடித்திருக்கும் இரும்பு” என்றுதான் சொல்ல முடிந்ததாம். எண்ணெய் ஊற்றப் புனல் வேண்டியிருந்தபோது வாயில் ‘சல்லடை’ வந்தது. தவறு என்று உடனே தெரிந்தது, ஆனால் சரியான சொல் வரவில்லை. “மூன்றெழுத்து, நடுவில் ‘ன’ வரும் என்றுகூடத் தெரிந்தது, டாக்டர். இரவு பாத்திரம் கழுவும்போது தானாக வந்தது” என்கிறார். பயிற்சி வகுப்பில், காகிதத்தில் ஓட்டை போடும் கருவியின் பெயர் வராமல் கையால் சைகை காட்டியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

இந்த நிலையில் மகள் விளையாட்டாக ஒரு வினாடி வினாவைக் காட்டியிருக்கிறார். அன்றாடம் பார்க்கும் பொருள்களுக்கு யாரும் அறியாத பெயர்களைக் கேட்கும் வகை அது. ஷூ கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை, பென்சிலையும் அழிப்பானையும் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையம், நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறை போன்றவை. இருபதில் மூன்றுக்குத்தான் அவருக்குப் பதில் தெரிந்தது. அன்றிலிருந்து அத்தகைய சொற்களை ஒரு நோட்டில் எழுதி, இரவில் மனப்பாடம் செய்கிறார். அவருடைய தந்தைக்கு 79 வயதில் மறதி நோய் கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் இறக்கும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். கேள்விகள் மூன்று: இது அப்பாவுக்கு வந்ததன் தொடக்கமா? மூளையை ஸ்கேன் செய்ய வேண்டுமா? அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது நேர்மையாக இருக்குமா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு எதையோ சொல்ல வந்து, ஒரு வரி எழுதியிருக்கிறார். அப்பா போன பிறகு தூக்கம் வராததால், ஒவ்வாமைக்கென்று வாங்கிய மாத்திரையைத் தினமும் இரவில் போட்டுக்கொள்கிறாராம்.

அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

உங்களை நேரில் பரிசோதிக்காமல் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சிகள், நரம்பியல் மருத்துவராக நான் கவலைப்படும் வகையைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கினால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். “ஒன்றுமில்லை, போங்கள்” என்று யாரோ ஏற்கெனவே சொல்லித்தான் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்று வெவ்வேறு சங்கதிகள்

நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒரு பெயரை அறியாமலே இருப்பது முதலாவது. அறிந்த பெயர் வேண்டிய நேரத்தில் வாய்க்கு வராமல் இருப்பது இரண்டாவது. பெயரோடு அந்தப் பொருள் இன்னது, இதற்குப் பயன்படுவது என்ற அறிவும் கரைந்துபோவது மூன்றாவது. முதலாவது நோயே இல்லை. இரண்டாவது எல்லோருக்கும் வருவது. சில சமயம் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும். மூன்றாவதுதான் மருத்துவரைப் பதறவைப்பது. உங்கள் கடிதத்தில் முதலாவதும் இரண்டாவதும் நிறைய இருக்கின்றன. மூன்றாவது ஓரிடத்திலும் இல்லை.

அந்த வினாடி வினாவை எடுத்துக்கொள்வோம். பென்சிலின் உலோக வளையத்துக்குத் தமிழில் ‘பூண்’ என்று சொல்லலாம். கைத்தடியின் நுனியிலும் உலக்கையின் முனையிலும் போடும் உலோக வளையத்துக்கு அதுதான் பெயர். திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடும் வரிக்கு ‘மரை’. கதவின் தாழ்ப்பாள் போய் மாட்டிக்கொள்ளும் வளையத்துக்கு ‘நாதாங்கி’. நகத்தின் வெள்ளைப் பிறையை மருத்துவத்தில் ‘லுனூலா’ என்போம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இறங்கும் பள்ளத்துக்கு ‘ஃபில்ட்ரம்’ என்று பெயர். இவற்றையெல்லாம் யார் அன்றாடம் சொல்கிறார்கள்? தச்சரும் கொல்லரும் உடற்கூறியல் படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒரு பொருளைச் செய்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வேண்டும். வெறுமனே பயன்படுத்துகிறவருக்கு வேண்டியதில்லை. பென்சிலால் எழுதுகிற நமக்குப் ‘பூண்’ தேவைப்பட்டதே இல்லை. ஒருபோதும் உள்ளே வராத சொல் எப்படித் தொலையும்? அந்த விளையாட்டில் நீங்கள் தோற்றது மறதியால் என்று கொள்ள இடமே இல்லை. என் சக மருத்துவர்களிடம் கொடுத்தாலும் நகமும் உதடும் மட்டும் தேறும் என்று நினைக்கிறேன்.

மருத்துவத்திலும் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சோதனை இருக்கிறது, அது வேறு மாதிரி. 1983-இல் வெளியான பாஸ்டன் பெயரிடல் சோதனையில் 60 கோட்டோவியங்கள். கட்டிலில் தொடங்கி, கணக்குப் போட மணிகள் கோத்த மணிச்சட்டத்தில் முடியும். எல்லோரும் அறிந்ததிலிருந்து அரியது நோக்கிப் படிப்படியாக ஏறும்படி அடுக்கியிருப்பார்கள். கடைசிப் படங்களில் ஒருவர் தடுமாறினால் அவருடைய படிப்பையும் பின்னணியையும் பார்ப்போம். தொடக்கப் படங்களில் தடுமாறினால்தான் நாற்காலியின் நுனிக்கு வருவோம். இன்னொன்றும் கவனிப்போம். பெயர் வராதபோது முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்போம். அதைக் கேட்டதும் “ஆமாம்!” என்று சொல் வந்துவிட்டால், அது உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுப்பதில்தான் தடை என்று அர்த்தம். ‘பு…’ என்று யாராவது சொல்லியிருந்தால் உங்களுக்குப் புனல் வந்திருக்குமா? நடுவெழுத்துவரை தெரிந்த உங்களுக்கு வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாக்கின் நுனியில் நிற்பது

“மூன்றெழுத்து, நடுவில் ‘ன’” என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது எனக்கு 1966-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. ரோஜர் பிரவுன், டேவிட் மெக்னீல் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு அரிய சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். கடலில் சூரியன், விண்மீன் ஆகியவற்றின் உயரக் கோணத்தை அளக்க மாலுமிகள் வைத்திருக்கும் செக்ஸ்டன்ட் அவற்றில் ஒன்று. சிலருக்குச் சொல் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. இடையில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டவர்கள். அவர்களிடம் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்று கேட்டபோது பாதிக்கு மேல் சரியாகவே சொன்னார்கள். சொல் வரவில்லை, சொல்லின் உருவம் வந்திருந்தது. உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். அவர்கள் இளைஞர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இது ஏன் நடக்கிறது? ஒரு சொல்லின் பொருளும் அதன் ஒலியும் மூளையில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பேசும்போது முதலில் பொருள் எழுகிறது, பிறகு அதிலிருந்து ஒலிக்கு இணைப்பு ஓட வேண்டும். அடிக்கடி சொல்லும் சொல்லில் அந்த இணைப்பு வலுவாக இருக்கும். எப்போதாவது சொல்லும் சொல்லில் தளர்ந்துவிடும். வயது ஏற ஏற இன்னும் தளரும். 1991-இல் டெபோரா பர்க், டொனால்ட் மெக்கே உள்ளிட்ட ஆய்வாளர்கள், இளையோரையும் முதியோரையும் தங்களுக்கு நேரும் இத்தகைய தடுமாற்றங்களைக் குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முதியோருக்கு அதிகமாகவே நேர்ந்தது. எல்லா வயதினருக்கும் ஆட்பெயர்களே அதிகம் தொல்லை கொடுத்தன. அதே வயதில் சொல்வளம் குறைவதில்லை என்பது விசித்திரம். அறுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைவிட அதிகச் சொற்களுக்குப் பொருள் சொல்வார், ஆனால் வேண்டிய ஒன்றை எடுக்கச் சற்றுத் தாமதமாகும்.

புனலுக்குப் பதில் சல்லடை வந்ததற்கும் விளக்கம் உண்டு. இரண்டும் ஒரே அறையில் புழங்குபவை, இரண்டின் வழியாகவும் ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது. பொருளில் அண்டைவீட்டுச் சொல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அது தவறு என்று உங்களுக்கு உடனே உறைத்ததே, அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். சல்லடையைக் கேட்டு வாங்கி, அதில் எண்ணெயை ஊற்றியிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

ஒரு கிளைக்கதை. இந்தத் தடுமாற்றம் வாயால் பேசுகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. சைகை மொழியில் பேசும் காதுகேளாதவர்களுக்கும் இது வருகிறது. கையை எந்த இடத்தில் வைக்க வேண்டும், விரல்களை எப்படி மடக்க வேண்டும் என்று பாதி தெரியும், முழுச் சைகை வராது. இரண்டு மொழிகளை மாறி மாறிப் புழங்குகிறவர்களுக்கும் ஒரு மொழிக்காரர்களைவிட இது அதிகம். ஒவ்வொரு மொழியின் சொற்களும் குறைவாகவே பயன்படுவதால் அப்படி என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று நாளைப் பிரித்து வாழ்கிறவர் நீங்கள் என்றால், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் நோய்

ஒரே மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக இறங்கும் மறதி நோய் உண்டு. அது அரிது, பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே, குடும்பத்தில் பலருக்கு வரும். உங்கள் தந்தைக்குத் தொடங்கியது 79-இல். பெற்றோரில் ஒருவருக்கு முதுமையில் இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் அது உங்கள் தலையில் எழுதப்பட்ட தீர்ப்பு ஆகாது, 53 வயதில் வந்து கதவைத் தட்டும் என்றும் அர்த்தமாகாது. நோயாளியைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர்கள் தங்கள் ஒவ்வொரு தடுமாற்றத்திலும் அந்த முகத்தையே பார்க்கிறார்கள். இதை நான் என் அறையில் அடிக்கடி காண்கிறேன். உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது. ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் தந்தைக்கு நோய் தொடங்கியபோது அதை முதலில் கவனித்துக் கவலைப்பட்டவர் அவரா, நீங்களா? பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவலைப்படுவார்கள். உங்கள் விஷயத்தில் வீட்டார் சிரிக்கிறார்கள், நீங்கள் தேதி போட்டுக் குறித்துவைக்கிறீர்கள். இந்த அளவுகோலை மட்டும் வைத்து யாரையும் நோயில்லாதவர் என்று சொல்லிவிட முடியாதுதான், ஆனாலும் அது கொஞ்சம் ஆறுதல் தரும்.

நீங்கள் ஒரே வரியில் எழுதியது

இப்போது அந்த மாத்திரை. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளில் டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற மருந்துகள் இருக்கும். இவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. கவனமும் நினைவும் பெரிதும் சார்ந்திருப்பது அந்த வேதிப்பொருளைத்தான். மறதி நோயாளிகளுக்கு நாங்கள் கொடுக்கும் டோனெபெசில் மருந்து அதன் அளவை உயர்த்தப் பார்க்கிறது. உங்கள் தந்தைக்கே அது கொடுக்கப்பட்டிருக்கலாம். மறதி நோய் வந்துவிட்டதே என்று அஞ்சுகிற நீங்கள், அந்த மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்யும் ஒன்றைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கக் கூடும். முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். ஐம்பதுகளில் இருப்பவருக்கும் இரவில் போட்டது மறுநாள் முற்பகல்வரை மந்தத்தைக் கொடுக்கலாம். தூக்கம் தரும் குணமோ, தொடர்ந்து போட்டால் சில நாள்களிலேயே மங்கிவிடும்.

மாத்திரை தொடங்கியதும் சொற்கள் நழுவத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதுவே நிரூபணம் ஆகிவிடாது. அதே காலத்தில்தான் நீங்கள் தந்தையை இழந்தீர்கள், தூக்கத்தை இழந்தீர்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க, மாற்றக்கூடியதை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டி, எப்படி நிறுத்துவது, தூக்கத்துக்கு என்ன செய்வது என்று கேளுங்கள். இதே வரியை வேறு வாசகர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை: தூக்கத்துக்கென்றே மருத்துவர் எழுதித் தரும் சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம். சொந்த முடிவில் எதையும் நிறுத்த வேண்டாம்.

மாத்திரை தவிர வேறு சிலவற்றையும் உங்கள் மருத்துவர் பார்ப்பார். தைராய்டு சுரப்பு குறைவு, வைட்டமின் பி12 குறைவு இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரியும், சரிசெய்யவும் முடியும். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் டோபிராமேட் என்ற மருந்து, சொல் தேட வைப்பதற்குப் பேர்போனது. நீங்கள் எழுதவில்லை, வயதை வைத்துக் கேட்கிறேன்: மாதவிடாய் நிற்கும் காலமா? அப்போது சொல் வராமை, மனம் தெளிவில்லாமல் மூட்டமாக இருப்பது இரண்டையும் பல பெண்கள் சொல்கிறார்கள். நடு இரவில் வியர்த்து எழுந்தால் தூக்கமும் போய்விடும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். இழப்புக்குப் பிறகு மனச்சோர்வு தங்கிவிட்டதா என்பதையும் ஒளிக்காமல் பேசுங்கள். மனச்சோர்வு மறதி நோயின் வேடத்தில் வந்து நிற்பது உண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது

சொல் வராமை திடீரென்று வந்தால், அதாவது பேசிக்கொண்டிருந்தவருக்கு நிமிடத்தில் பேச்சு குழறினால், பொருளற்ற சொற்கள் வந்தால், பிறர் பேசுவது புரியாமல் போனால், கூடவே முகம் கோணினாலோ ஒரு கை, கால் தளர்ந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். சிலர் “சரியாகிவிட்டதே” என்று படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு.

மெதுவாக வருகிறவற்றில் நான் கவலைப்படுவது இவை. பொருளைக் கையில் கொடுத்தாலும் எதற்கென்று தெரியாமல் இருப்பது. சரியான பெயரை எடுத்துச் சொன்ன பிறகும் “அப்படி ஒரு சொல்லா?” என்று கேட்பது. ஒருவகை நோயில், “கத்தரிக்கோல் என்றால் என்ன?” என்று நன்றாகப் பேசுகிறவரே வியப்போடு கேட்பார். நேற்று நடந்த உரையாடலே நினைவில் இல்லாமல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. பழகிய வழியில் தொலைந்துபோவது. வழக்கமாகச் செய்யும் கணக்குகளில் புதிதாகப் பிழைகள் மலிவது. இந்தக் கடைசியை நீங்கள் கட்டாயம் கவனித்திருப்பீர்கள். கணக்கில் தவறு வருவதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை.

ஸ்கேன் பற்றி

முதல் படியாக வேண்டாம் என்பது என் கருத்து. நாக்கின் நுனியில் நிற்கும் சொல் எந்த ஸ்கேனிலும் தெரியாது. தெரிவதோ, ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். அறிக்கையில் அவற்றைப் படித்துவிட்டு இன்னும் சில மாதங்கள் தூக்கம் கெடுவீர்கள். முதலில் உங்கள் வழக்கமான மருத்துவர், மருந்துப் பட்டியல், இரத்தப் பரிசோதனை, பதினைந்து நிமிடத்தில் முடியும் நினைவாற்றல் சோதனை. இவற்றில் ஏதாவது இடித்தால், அல்லது மாத்திரையை மாற்றித் தூக்கம் சீரான பிறகும் தடுமாற்றம் கூடிக்கொண்டே போனால், நரம்பியல் மருத்துவரிடம் வாருங்கள். அப்போது எம்ஆர்ஐ எடுப்பதில் பொருள் இருக்கும். நினைவாற்றல் சோதனையை இணையத்தில் எடுத்து நீங்களே செய்துபார்க்க வேண்டாம். முன்கூட்டிப் பழகிவிட்டால், மருத்துவர் செய்யும்போது அதன் மதிப்பெண் எதையும் சொல்லாது.

நினைவாற்றலுக்கென்று விற்கும் துணை உணவுகளிலும் பணத்தைப் போடாதீர்கள். ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வெளியானது.

சொல் நிற்கும் அந்த நொடியில்

பல்லைக் கடித்துக்கொண்டு தேடாதீர்கள். கனடாவில் ஏமி பெத் வாரினரும் கேரின் ஹம்ஃப்ரீஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தடுமாற்றம் வந்தவர்களைச் சில சொற்களுக்குப் பத்து நொடியும் சில சொற்களுக்கு முப்பது நொடியும் நிறுத்திவைத்து, பிறகு சொல்லைக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே சொற்களைக் கேட்டபோது, நீண்ட நேரம் திண்டாடிய சொற்களிலேயே மறுபடியும் அதிகம் திண்டாடினார்கள். தேடித் தேடித் தவிப்பதே ஒரு பழக்கமாகப் படிந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே, ஓரிரு நொடிக்கு மேல் போராடாமல் அந்தப் பொருளை விவரித்துவிட்டு மேலே போங்கள். “கதவைப் பிடித்திருக்கும் இரும்பு” என்று நீங்கள் சொன்னது மிக நல்ல விவரிப்பு; கேட்டவருக்குப் புரிந்தது அல்லவா? பிறகு யாரிடமாவது கேட்டோ அகராதியைப் பார்த்தோ சொல்லைக் கண்டுபிடித்து, வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வதைவிட அது உதவும். தவறான சொல் வந்து மறித்துக்கொண்டால், அதையே சுற்றிச் சுற்றி வராமல் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். பாத்திரம் கழுவும்போது புனல் வந்ததுபோல, மறித்த சொல் விலகியதும் சரியான சொல் பல சமயம் தானாக வந்து சேரும்.

அந்த நோட்டு வேண்டாம். அரிய பெயர்களை மனப்பாடம் செய்தால் அரிய பெயர்கள் தெரியும், அவ்வளவுதான். ‘பூண்’ தெரிந்ததால் ‘புனல்’ சீக்கிரம் வராது. சொற்களில் ஆசை இருந்து, பகலில், மகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே படிப்பதென்றால் தாராளமாகப் படியுங்கள். தேர்வுக்குப் படிப்பதுபோல நள்ளிரவில் வேண்டாம். அந்த நேரத்துத் தூக்கம் உங்கள் சொற்களுக்கு அதிக நன்மை செய்யும். பேச்சைக் குறைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நேர்மாறான வைத்தியம். சொல்லப்படாத சொல்தான் இணைப்பு தளர்ந்து நழுவுகிறது என்று மேலே பார்த்தோம்.

வேலையும் வீடும்

கண்டறியப்படாத ஒரு நோயை அலுவலகத்தில் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒரு பயத்தை நோய்போலச் சொல்லிவிட்டால், பிறகு “பரிசோதனையில் ஒன்றுமில்லை” என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பெயர் போகாது. அடுத்த பதவி உயர்வின்போது யாராவது அதை நினைவுகூர்வார்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள். பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகுவதை நேர்மை என்கிறீர்கள். உங்கள் வேலையில் பிழை நேர்ந்து, அதனால் யாருக்காவது பாதிப்பு வந்தால் நேர்மையைப் பற்றிப் பேசலாம். துளையிடும் கருவியின் பெயர் வராததால் யாருக்கும் கணக்கு தப்பவில்லை. இப்போதைக்கு, வகுப்புக்கு முன் அன்று தேவைப்படும் பொருள்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நின்றால், “பெயர் பிறகு வரும், இதுதான் வேலை” என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். மருத்துவப் பரிசோதனையில் உண்மையாகவே ஏதாவது தெரியவந்தால், யாரிடம் எவ்வளவு சொல்வது, என்ன சலுகை கேட்பது என்பதை அப்போது ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

மகள் உங்கள் வாக்கியங்களை முடித்துவைக்கிறார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் உதவி என்று நினைத்துச் செய்கிறார். ஆனால் வாக்கியம் முழுவதையும் பறித்துக்கொண்டால் உங்களுக்குப் பேசவே தோன்றாது. இரண்டு மூன்று நொடி பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறமும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் சோதனையில் செய்வதும் அதைத்தான். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களைத் தினமும் பார்க்கிறவர் சொல்லும் தகவல் எங்களுக்கு மிகவும் வேண்டும். மகள் என்ன சொல்லப்போகிறாரோ என்ற கற்பனைப் பயமும் உங்களுக்குத் தீரும்.

போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தச் சொற்கள் நின்றன, அவை பிறகு வந்தனவா என்று குறித்து வையுங்கள். சொல் பட்டியலுக்கென்று வாங்கிய நோட்டில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் இருக்குமே, அதுவே போதும்.